விட்டுப்போன ஆறு நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை. மதுரை செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. மகன் கல்யாணத்தில்கூட போட்டோ எடுக்கும்போது சம்பந்தியம்மாள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆல்பத்தில் என் காதும் கம்மலும் மட்டும்தான் தெரியும். இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்து நினைத்து, இப்போதுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். மருமகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வாரமே இரண்டு பேர் வந்து, தெருவில் வீடு வீடாகக் கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள் வந்து, "உங்க வீடு குலுக்கல்ல வந்திருக்கு, செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்க வருவோம், வீட்டுல இருங்க" என்றார்கள். குலுக்கலில் எங்களுக்கு அதுவரை ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழுந்ததில்லை. இது என்ன குலுக்கல் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

எதிர்வீட்டு மதினிக்கு விஷயம் தெரிந்ததும் அரக்கப்பரக்க ஓடி வந்தாள்.

"ஏ மதினி, வெவரந் தெரியாம இருக்காத. பிரிட்ஜு இருக்கா, பைக்கு இருக்கான்னு பாத்துட்டுப் போயி, ஒன் முதியோர் பணத்த நிறுத்திப்புடுவாய்ங்க. எல்லாத்தையும் மறைச்சுப் போடு!"

மாதாமாதம் வருகிற அந்தப் பணத்தில்தான் என் மாத்திரை, பேத்திகளுக்கு ஏதாவது பண்டம் என்று என் கை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. பைக்கை மகன் காலையிலேயே பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிரிட்ஜை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? எங்கள் வீடு ஒரு அறையும், ஒரு சமையல்கட்டும், பின்னால் பாத்திரம் கழுவக் கொஞ்சம் இடமும்தான். கடைசியில் மதினியே வழி சொன்னாள். என் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து பிரிட்ஜைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மேலே முருகன் படத்தை வைத்து, பூப்போட்டு, விபூதித் தட்டும் வைத்துவிட்டோம். பார்க்கச் சாமி மேடை மாதிரியே இருந்தது. மருமகள் மட்டும், "அத்த, இது நல்லாவா இருக்கு?" என்றாள். நான் சூடம் ஏற்றினேன்.

வந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். வந்ததும் உள்ளே பார்த்து, "சாமி கும்பிட்டுட்டு இருந்தீங்களாம்மா? நான் வேணா கொஞ்சம் கழிச்சு வரவா?" என்றாள். அந்த மரியாதையே என்னைக் குத்தியது.

பாயைப் போட்டு உட்காரவைத்தேன். கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தரை எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமைக்கிறது கேஸிலா விறகிலா, எத்தனை பேர் எந்த அறையில் படுக்கிறீர்கள், யார் யார் எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனீர்கள். பிரிட்ஜ் உண்டா என்றாள். "இல்ல தாயி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பிரிட்ஜின் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. கொர்ர் என்று ஒரு சத்தம். மேலே இருந்த விபூதித் தட்டு கிணுகிணுவென்று ஆடியது. அந்தப் பெண் முருகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தறி ஓடுதுல்ல, அதுல அதிருது" என்றேன்.

"சரிங்கம்மா" என்று எதையோ அழுத்திக்கொண்டாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரி பட்டது.

அடுத்து, கழிப்பறை உங்கள் வீட்டுக்கு மட்டுமா, மற்ற வீட்டாரும் சேர்ந்து புழங்குகிறீர்களா என்று கேட்டாள். சந்துக் கடைசியில் இருப்பதை நாங்கள் மூன்று வீட்டார் சேர்ந்துதான் புழங்குகிறோம். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "எங்க வீட்டுக்கு மட்டுந்தான்" என்றேன். இருக்கிறதை இல்லை என்றேன், இல்லாததை இருக்கிறது என்றேன். ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பொய் சொன்னவள் நான்.

என்னிடம் கேட்க வேண்டியது முடிந்ததும், மருமகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். பிள்ளைப்பேறு பற்றி ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்களிடம் தனியாகக் கேட்பார்களாம், மருமகளுக்கு அப்போது நாற்பது வயது. நான் சமையல்கட்டுக்குள் போனேன். நடுவில் ஒரு திரைதான். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்கத்தான் செய்தேன்.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை குழந்தை பிறந்துச்சுக்கா?"

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"ரெண்டு பேரும் உங்களோடதான் இருக்காங்களா?"

"ஆமா. பள்ளிக்கூடம் போயிருக்குதுக."

கொஞ்ச நேரம் டேப்பில் தட்டும் சத்தம். பிறகு அந்தப் பெண் குரலைத் தணித்து ஒரு கேள்வி கேட்டாள்.

"இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்கா, தப்பா நினைக்காதீங்க. பிறந்து ஒரே ஒரு தடவை அழுதுட்டு, இல்ல ஒரு மூச்சு விட்டுட்டு, அப்புறம் தவறிப்போன குழந்தை ஏதாவது உண்டா?"

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

உண்டு. என் மருமகளுக்கு முதலில் பிறந்தது ஆண்பிள்ளை. நல்ல நிறம், நல்ல எடை. நாலாம் நாள் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தும், ஆறாம் நாள் போய்விட்டான். எங்களில் முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத்தான் பேர் வைப்பது. அதனால் பேர் வைக்கவில்லை. அவள் வீடு திரும்பின அன்றைக்கு நான் அவளிடம் சொன்னது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "பேர் வைக்காத பிள்ளையப் பத்திப் பேசப்படாது தாயி. அடுத்ததுக்கு ஆகாது. இனிமே பொறக்கிறதுதான் ஒனக்குத் தலைச்சன்." என் மாமியார் காலத்திலும் அப்படித்தான். நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொன்னேன். அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பதினெட்டு வருஷம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மருமகள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க" என்றாள் மருமகள்.

எல்லாம் முடிந்து அந்தப் பெண் கிளம்பப் போகும்போது டீ கொடுத்தேன். கடுங்காப்பி நிறத்தில் வெறும் டீ. பால் பாக்கெட் முருகனுக்குக் கீழே அல்லவா இருந்தது! அவள் குற்றம் சொல்லாமல் குடித்தாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏன் தாயி, இம்புட்டுக் கேள்வி எதுக்கு? எம் பணத்த நிறுத்திருவாங்களா?"

சிரித்துவிட்டாள். "அய்யோ, இதுக்கும் உங்க பணத்துக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்க பேரு வெளியில எங்கயும் போகாது. குலுக்கல்ல உங்க வீடு வந்திருக்கு. நாங்க போகாத நூத்துக்கணக்கான வீட்டுக்கும் சேத்து நீங்கதான் பதில் சொல்றீங்க. இப்படி ஊரு ஊரா எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, நம்ம நாட்டுல சனங்க எப்படி வாழ்றாங்கன்னு பாப்பாங்க. மத்த நாட்டுலயும் இப்படி எடுப்பாங்க. அப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, எந்த நாடு முன்னேறியிருக்கு, எது முன்னேறிட்டு வருது, எது பின்தங்கி நிக்குதுன்னு பிரிப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேர் நடுவில் வாய் வராத நான், நூற்றுக்கணக்கான வீட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறேனா? அப்படியானால் நான் மறைத்த பிரிட்ஜை அத்தனை வீட்டிலும் மறைத்த மாதிரியா?

வளர்ந்த நாடு, வளரும் நாடு என்று டிவியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் அந்தந்த ஊரில் இருக்கும் கட்டடத்தின் உயரத்தையும் ரோட்டின் அகலத்தையும் வைத்துச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏரோப்ளேன எண்ணிப் பாப்பாங்களோ?" என்று கேட்டேன்.

"வருமானத்தப் பாப்பாங்கம்மா. ஆனா அது மட்டும் போதாதுன்னு, சனங்க எத்தனை வருஷம் உயிரோட இருக்காங்க, பிள்ளைங்க எத்தனை வருஷம் படிக்குதுங்க, தண்ணி இருக்கா, கக்கூஸ் இருக்கான்னும் பாப்பாங்க. முக்கியமா ஒண்ணு இருக்கு. பிறக்கிற பிள்ளைங்கள்ல எத்தனை பிள்ளைங்க ஒரு வயசைத் தாண்டாமப் போயிடுதுன்னு பாப்பாங்க. அத வச்சே ஒரு நாட்டோட நெலமையச் சொல்லிடலாம்னு எங்களுக்குப் பயிற்சியில சொன்னாங்க."

நான் என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன். "ஆறு நாள் இருந்த பிள்ளையும் அதுல உண்டா?"

"ஆறு நிமிஷம் இருந்திருந்தாலும் உண்டும்மா."

எனக்குப் பின்னால் நின்றிருந்த மருமகள் சட்டென்று திரும்பிப் பின்பக்கம் போய்விட்டாள். அந்தப் பெண் அவள் போவதைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். டேப்பைப் பையில் வைத்தபடி, "இன்னிக்குப் பூரா இந்தத் தெருவுலதாம்மா இருப்பேன். ஏதாவது விட்டுப்போச்சுன்னு தோணுச்சுன்னா கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பின்பக்கம் போனேன். மருமகள் கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நா அன்னிக்குச் சொன்னதுனாலதான தாயி இல்லேன்னு சொல்லிட்ட?"

அவள் திரும்பவில்லை. கையில் இருந்த தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு தடவையாவது அழுதுச்சான்னு கேட்டாங்க அத்த. எம்புட்டு அழுகை அழுதான்! ஆஸ்பத்திரி வாசக்கேட்டு வரைக்கும் கேக்குது, இவன் கச்சேரிதான் பண்ணப்போறான்னு நர்சம்மா சொல்லுச்சே. ஒங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

இருந்தது. அவள் சொன்ன பிறகுதான் அந்த அழுகை என் காதுக்குத் திரும்பி வந்தது. பதினெட்டு வருஷமாக அவள் காதில் மட்டும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்திலேயே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை.

"வா, போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்."

"வேணாம் அத்த. இப்பப் போயி சொன்னா, மொதல்ல ஏன் இல்லேன்னு சொன்னன்னு கேப்பாங்க. தெருவே வேடிக்கை பாக்கும்."

அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தப் பெண் சாயங்காலம் போய்விட்டால் போனதுதான். இன்னொரு தடவை எங்கள் வீடு குலுக்கலில் வரப்போவதில்லை. இந்தப் பிள்ளை இருந்தானா என்று கேட்டு இனி யாரும் எங்கள் வாசலுக்கு வரப்போவதும் இல்லை. வாயை மூடச் சொன்னவள் நான். அதைத் திறந்துவிடவும் நான்தான் போக வேண்டும்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினேன். இந்த வீட்டுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாலு வீடு தள்ளி, ஒரு வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள், நடுநாயகமாக எதிர்வீட்டு மதினி. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாயி... எங்க வீட்டுக் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு."

மதினி முந்திக்கொண்டாள். "என்ன மதினி, பிரிட்ஜா?"

கொல்லென்று சிரிப்பு. பாவி, மறைக்கச் சொன்னதும் அவள், ஊரறியக் கேட்டதும் அவள்! வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே மண்ணுக்குள் போயிருப்பேன்.

"பிரிட்ஜுந்தான்" என்றேன். "கக்கூஸும் எங்களுக்கு மட்டும் இல்ல, மூணு வீட்டுக்குப் பொது. ஆனா நா சொல்ல வந்தது அது இல்ல. நீ ஒரு எட்டு வா தாயி."

சிரிப்பு நின்றுவிட்டது. என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு உடனே எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் அக்காகிட்டத் தனியாத்தான் பேசணும்மா" என்றாள். நான் வெளியே போகத் திரும்பினேன். அப்போது மருமகள் சொன்னாள், "அத்த இருக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் தகுதியானவளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பெண் ஏன் முதலில் இல்லை என்றீர்கள் என்று கேட்கவே இல்லை. டேப்பைத் திறந்து, பழையதைத் திருத்தி, முதலிலிருந்து கேட்டாள். ஆணா, பெண்ணா? பிறந்த மாதம், வருஷம்? மருமகள் மாதம், வருஷம் மட்டுமா சொன்னாள், கிழமை சொன்னாள், நேரம் சொன்னாள், அப்போது வெளியே மழை தூறிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அதற்கெல்லாம் டேப்பில் இடம் இருந்திருக்காது. இருந்தாலும் அந்தப் பெண் அவள் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் இருந்தான்? ஆறு நாள்.

"பேரு என்னக்கா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அந்தப் பெண்ணே, "பேர் வைக்கலைன்னாலும் பரவால்ல, குழந்தைன்னு போட்டுக்கலாம். ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மாறிடக் கூடாதுன்னுதான் கேக்கறோம்" என்றாள்.

மருமகள் ஒரு பேரைச் சொன்னாள்.

யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. தினமும் கூப்பிட்டுப் பழகின பேரைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எப்போது வைத்தாள், எத்தனை தடவை மனசுக்குள் கூப்பிட்டிருப்பாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய பேர்.

டேப்பில் அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்துவிட்டு, சரியா என்று அவளிடம் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். மருமகள் குனிந்து பார்த்தாள். தன் பிள்ளையின் பேரை எழுத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரலால் தொடப் போனவள், அழிந்துவிடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். அந்தப் பெண் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவசரப்படவே இல்லை.

நான் எழுந்து போய் முருகன் படத்தை இறக்கினேன், சேலையை உருவினேன், பிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். "சாமி மேடைக்குள்ள இம்புட்டுச் சில்லுனு பாலா!" என்று அந்தப் பெண் சொன்னதும் மருமகள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். இரண்டாவது டீ நல்ல டீயாகக் கிடைத்தது அந்தப் பெண்ணுக்கு. போகும்போது, "பிரிட்ஜு இருக்குன்னதுல கணக்குல ஒரு படி ஏறிட்டீங்க, கக்கூஸ் பொதுன்னதுல ஒரு படி எறங்கிட்டீங்கம்மா" என்றாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான். "நாந்தானம்மா அவன அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போனேன். அந்தக் கனம் இன்னும் கையிலயே இருக்கு" என்றான். அவனும் பதினெட்டு வருஷமாக ஒன்றும் சொன்னதில்லை. பேத்திகள் இரண்டு பேரும், "எங்களுக்கு அண்ணன் இருந்தானா அப்பத்தா?" என்று கேட்டார்கள். "இருந்தான்" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆனது.

என் முதியோர் பணம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு வருகிறது. போன வைகாசியில் அவனியாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் யாரோ மருமகளிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். "மூணு பெத்தேன், ரெண்டு இருக்கு" என்றாள். பக்கத்து இலையில் நான் தலை குனியாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் டிவியில், உலக நாடுகள் வரிசையில் நம் நாட்டுக்கு இத்தனையாவது இடம் என்று ஏதாவது சொன்னால், மகன் உச்சுக்கொட்டுவான், பேத்திகள் சண்டை போடுவார்கள். எனக்கு அந்த எண்ணெல்லாம் புரியாது. நானும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். இம்புட்டுப் பெரிய உலகத்தைத் தரம் பிரிக்கிறவர்கள், கோபுரங்களையும் கோட்டைகளையும் விட்டுவிட்டு, எங்கள் சந்துக்குள் வந்து பாயில் உட்கார்ந்து, "ஒரு தடவையாவது அழுதானா?" என்று கேட்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம், நான் ஆறு நாளில் முடிந்துபோனான் என்று ஒதுக்கிவைத்த பிள்ளை, நாடுகளெல்லாம் நிற்கிற அந்த வரிசையில் எங்கேயோ தன் பேரோடு நின்றுகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.